யன்னல் கண்ணாடியில் மோதும் குருவிகள்: கடையில் கிடைப்பவற்றில் எது தேறும்?

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டிலும் வீடு கட்டும் முறை மாறிவிட்டது. முன்பு மரச்சட்டத்துக்குள் சிறுசிறு கண்ணாடி, அதற்கு வெளியே இரும்புக் கம்பி. இப்போது அலுமினியச் சட்டத்தில் ஆளுயரத் தள்ளு யன்னல், மாடியில் கண்ணாடிக் கைப்பிடிச் சுவர், கடைவீதியில் நீலக் கண்ணாடி முகப்பு, கடலோர விடுதிகளில் சுவருக்குப் பதிலாகவே கண்ணாடி. காலையில் கூட்ட வரும்போது அதன் கீழே ஒரு கொண்டைக்குருவியோ மரகதப்புறாவோ விழுந்து கிடந்தால், அது பெரும்பாலும் நோயில் செத்ததல்ல. கண்ணாடியை உற்றுப் பாருங்கள். மெல்லிய தூசுத்தடமோ ஒட்டிய சிறு இறகோ இருக்கும்.

இதைத் தடுக்கவென்று இணையத்திலும் கடைகளிலும் விற்கப்படுபவை ஐந்தாறு வகை. இந்தக் கரையின் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் மாரி மழைக்கும் அவற்றில் எது நிற்கும் என்பதுதான் இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: முதலிடம் தொங்கு கயிறு, இரண்டாமிடம் ஸ்டிக்கர் கடையில் வெட்டி எடுக்கும் வெள்ளைப் புள்ளி. பருந்துப் படம் பணவிரயம்.

காரணத்தை விளங்கிக்கொண்டால் எந்தப் பொருளையும் நீங்களே எடைபோடலாம். மோதல் இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, கண்ணாடி முற்றத்து வேம்பையும் வானத்தையும் அப்படியே திருப்பிக் காட்டுகிறது. குருவி அந்த வேம்பில் போய் உட்காரப் பறக்கிறது. மற்றது, எதிரெதிர் யன்னல், மூலைக் கண்ணாடி, மாடிக் கைப்பிடி போன்றவற்றில் மறுபக்கம் தெரிவதால் வழி திறந்திருக்கிறது என்று நினைத்து ஊடே பறக்கப் பார்க்கிறது. கண்ணாடி என்று ஒரு பொருள் இருப்பதே பறவைக்குத் தெரியாது. மனிதருக்கும் அது கண்ணால் தெரிவதில்லை. சட்டம், கைபிடி, அழுக்கு ஆகியவற்றை வைத்து ஊகிக்கப் பழகியிருக்கிறோம், அவ்வளவுதான். அதோடு பெரும்பாலான குருவிகளுக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருக்கிறது. பக்கவாட்டில் பரந்து பார்க்கும், நேர் முன்னே கூர்மை குறைவு. அடிபட்டுப் பறந்து போனது பிழைத்தது என்றும் எண்ண முடியாது. மண்டைக்குள் இரத்தம் கசிந்து பின்னேரம் எங்காவது பற்றைக்குள் சாகலாம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் பறவையியலாளர் டானியல் கிளெம் 1970களில் இருந்து இதை ஆராய்ந்து வருகிறார். அந்த நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் கட்டடக் கண்ணாடியில் மோதிச் சாகின்றன என்பது 2014இல் வெளியான மதிப்பீடு. நமது பக்கத்தில் எண்ணிப் பார்த்தவர் இல்லாவிட்டாலும் காலத்தைச் சொல்லலாம். வடக்கில் இருந்து வரும் பறவைகள் இலங்கைக்குள் இறங்குவது செப்டெம்பர், ஒக்டோபரில். திரும்புவது மார்ச், ஏப்ரலில். ஆறுமணிக்குருவி போன்றவை இரவில் பறந்து வந்து, விடியும்போது களைத்துப்போய்க் கண்ட மரத்தில் இறங்குபவை. ஊர்ப் பறவைகளுக்கு அந்தக் காலம் இந்தக் காலம் என்றில்லை; மீன்கொத்தி, மரகதப்புறா போலத் தாழ்வாக, நேராக, வேகமாகப் பறப்பவற்றுக்கு ஆண்டு முழுவதும் ஆபத்துத்தான்.

எந்தத் தடுப்புக்கும் அளவுகோல் ஒன்றே: இடைவெளி. நெடுக்குக் கோடு அல்லது கயிறு என்றால் 4 அங்குலத்துக்கு ஒன்று, கிடைக்கோடு என்றால் 2 அங்குலத்துக்கு ஒன்று என்பது பழைய கணக்கு. சின்னக் குருவிகளையும் சேர்த்துக் காக்க, புள்ளிகளை எல்லாப் பக்கமும் 2 அங்குலத்தில் வைப்பது இப்போதைய பரிந்துரை. தேன்சிட்டு நம் முற்றத்தில் இருப்பதால் புள்ளிக்கு இந்த 2 அங்குலத்தைத் தாண்டவே கூடாது. இடைவெளி அதைவிடப் பெரிதானால் குருவி அதற்குள்ளால் நுழைந்துவிடலாம் என்று நினைத்துப் பறந்து வந்து மோதும். அடையாளமும் கண்ணில் படும் அளவுக்கு இருக்க வேண்டும்: நெடுக்குக் கோடு 6 மில்லிமீற்றர், கிடைக்கோடு 3 மில்லிமீற்றர், புள்ளி 6 மில்லிமீற்றர் விட்டம், இவை குறைந்த பட்சம்.

இன்னொன்று, வெளிப்பக்கம். உள்ளே ஒட்டினால் கண்ணாடியின் வெளிமுகத்தில் தெரியும் மரம், வானத்தின் நிழலுருவம் அதை மறைத்துவிடும். பகல் பத்து மணிக்கு முற்றத்தில் நின்று பார்த்தால் உள்ளே ஒட்டியது உங்கள் கண்ணுக்கே தெரியாது, பிறகு குருவிக்கு எப்படித் தெரியும்? பொருளை வாங்கிய பின் "ஒட்டியும் மோதுகிறதே" என்று சொல்பவர்களில் பலரின் பிழை இதுதான்.

இனி பொருட்களுக்கு வருவோம்.

பருந்து, கழுகு வடிவக் கறுப்பு ஸ்டிக்கர். பொதிக்குள் இரண்டோ மூன்றோ இருக்கும். பெரிய யன்னலுக்கு ஒன்று ஒட்டினால் போதும் என்று படம் காட்டும். குருவி அதைப் பருந்தென்று பயப்படுவதில்லை. அசையாத கறுப்புத் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு பக்கத்து வெறும் கண்ணாடியில் போய் மோதும். பத்துப் பதினைந்தை 2 அங்குல இடைவெளியில் நெருக்கி ஒட்டினால் வேலை செய்யும், ஆனால் அப்போது வேலை செய்வது பருந்தல்ல, நெருக்கம். அந்தக் காசுக்கு யன்னல் நிறையப் புள்ளி வெட்டலாம்.

புறஊதா ஸ்டிக்கர். மனிதருக்கு மங்கலாகவும் பறவைக்குப் பளிச்சென்றும் தெரியும் என்ற விளம்பரத்தில் பாதி உண்மை உண்டு. பாடும் சிறு குருவிகள் பல புறஊதாவைக் காணும். புறா, காகம், பருந்து வகைகளின் கண் அந்தப் பக்கம் அவ்வளவு கூர்மையில்லை. அதாவது அடிக்கடி மோதும் மரகதப்புறாவுக்கு இதனால் பயன் குறைவு. விடியற்காலையிலும் மாரிக்கால மூட்டத்திலும் வெளியிலேயே புறஊதா குறைவு, மோதல் நடப்பதோ பெரும்பாலும் காலையில்தான். இன்னொரு கரைச்சல், நமது வெயிலில் அந்தப் பூச்சு சில மாதங்களில் மங்கும். மங்கியது நம் கண்ணுக்குத் தெரியாது. ஒட்டியிருக்கிறதே என்று நம்பிக்கொண்டிருப்போம். வாங்க வேண்டாம்.

வெயில் தடுக்கும் கண்ணாடிப் பிலிம். இது பறவைக்காக விற்கப்படுவதல்ல, ஆனால் "இருட்டாக்கினால் குருவி மோதாது" என்று சில கடைக்காரர் சொல்லி ஒட்டிவிடுகிறார்கள். முற்றிலும் தலைகீழ். பளபளக்கும் வெள்ளி, நீலப் பிலிம் யன்னலை முகம் பார்க்கும் கண்ணாடியாக்கும். வானமும் தென்னையும் முன்பைவிடத் துல்லியமாக விழும். ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்கள் என்றால் கழற்றத் தேவையில்லை, அதற்கு மேலே வெளிப்பக்கம் புள்ளியோ கயிறோ போட்டே ஆக வேண்டும்.

தொங்கு கயிறு. இதற்குத்தான் முழு மதிப்பெண். அமெரிக்காவில் அகோபியன் பேர்ட்சேவர்ஸ் என்ற பெயரில் விற்கிறார்கள். மேலே ஒரு சட்டம், அதில் இருந்து 4 அங்குலத்துக்கு ஒன்றாகத் தொங்கும் பரசூட் கயிறு, வேறொன்றும் இல்லை. நீங்களே செய்துகொள்ளும் முறையையும் அந்த நிறுவனமே இலவசமாகக் கொடுக்கிறது. பென்சில்வேனியாவில் பவுடர்மில் என்ற ஆய்வு நிலையத்தில் பறவையை இருண்ட குகைப்பாதையில் விட்டு, முடிவில் வெறும் கண்ணாடியும் தடுப்புள்ள கண்ணாடியும் வைத்து எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கும் சோதனை உண்டு (நடுவே வலை இருப்பதால் பறவைக்கு அடிபடாது). அமெரிக்கப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு இப்படிச் சோதித்த பொருட்களுக்கு எண் கொடுக்கிறது. எண் குறையக் குறைய நல்லது, 30 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் பறவைக்கு உகந்தது என்று ஏற்கிறது. தொங்கு கயிறு அந்த வரம்புக்குள் வசதியாக வருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். 4 அடி அகலம், 5 அடி உயரம் உள்ள யன்னலுக்கு 4 அடி அலுமினிய எல் ஆங்கிள் அல்லது அரை அங்குலப் பி.வி.சி. குழாய் ஒன்று. இரும்பு வேண்டாம், கடலோரக் கல்லடியிலோ ஒலுவிலிலோ ஒரு வருடத்தில் துருவொழுகிச் சுவரைக் கறையாக்கும். ஆணியும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். ஓரத்தில் இருந்து 2 அங்குலம் விட்டு முதல் துளை, பிறகு 4 அங்குலத்துக்கு ஒன்று. 12 துளை வரும். 3 மில்லிமீற்றர் கயிற்றுக்கு 4 மில்லிமீற்றர் துளை. ஒவ்வொரு கயிறையும் ஐந்தரை அடியாக வெட்டினால் முடிச்சுக்கும் சேர்த்துப் போதும், மொத்தம் 66 அடி. 70 அடி வாங்குங்கள். வெட்டிய முனையை லைட்டரால் உருக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரிந்து தும்பாகும். மேலே முடிச்சு, கீழ் முனை யன்னல் விளிம்புக்கு 2 அங்குலம் மேலே நிற்கட்டும். கண்ணாடிக்கும் கயிற்றுக்கும் இடையே 1 முதல் 3 அங்குலம்.

கயிறு எது என்பதில் கவனம் தேவை. மீன்பிடிப் பொருள் கடையில் பலவகை இருக்கும். முறுக்குக் கயிறு எடுத்தால் தொங்கும்போது முறுக்கவிழ்ந்து சுருளும். பின்னிய கயிறு கேளுங்கள். பொலிப்புரொப்பலீன் மலிவு, ஆனால் வெயிலில் பொடிந்து நாராக உதிரும். பொலியெஸ்டர் நீண்டகாலம் நிற்கும், நைலோன் நடுத்தரம். கரும்பச்சை, கபிலம், கறுப்பு நன்று. கொஞ்ச நாளில் அது இருப்பதே உள்ளே இருப்பவருக்கு மறந்துபோகும். தங்கூசியை மட்டும் தொடவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாது என்பதாலேயே மீனுக்குப் பயன்படுவது அது. குருவிக்கும் தெரியாது, காலிலோ சிறகிலோ சிக்கும்.

இந்த ஊரில் பிசகுவது இரண்டு இடத்தில். வெளிப்பக்கம் திறக்கும் யன்னலாக இருந்தால் சட்டத்தைச் சுவரில் பூட்டினால் யன்னல் திறவாது. அந்த யன்னல் இலையின் மேல் விளிம்பிலேயே பூட்டிவிட வேண்டும், அப்போது கயிறும் இலையோடு சேர்ந்து திரும்பும். இரண்டாவது காற்று. அமெரிக்கக் கயிறு கீழே கட்டாமல் சும்மா ஆடும், காற்றில் அசைவது நல்லதும்கூட. ஆனால் ஜூன் தொடங்கி அடிக்கும் கச்சான்காற்றுக்கும் (கொறிக்கும் கச்சானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) மாரியின் வாடைக்கும் கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிச் சடையாகிவிடும். பின்னிய இடத்தில் இடைவெளி ஒரு அடியாகும், அங்கேதான் மோதும். கீழ் முனையில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு கட்டலாம் என்று தோன்றும். கட்டினால் இரவெல்லாம் கண்ணாடியில் தட்டும், நல்ல காற்றில் கீறலும் விழும். கீழேயும் ஒரு மெல்லிய குழாயைக் குறுக்கே கொடுத்து அதில் ஒவ்வொரு கயிறையும் முடிந்துவிடுவது சரி. இழுத்து விறைப்பாக்கத் தேவையில்லை, கொஞ்சம் தளர்வு இருக்கலாம்.

கடை முகப்புக்கும் மாடிக் கைப்பிடிக்கும் கயிறு ஒத்துவராது. அங்கே புள்ளிதான். வெளிநாட்டில் ஃபெதர் ஃப்ரெண்ட்லி என்ற கனேடிய நிறுவனம் நாடாவாக விற்கிறது: நாடாவை ஒட்டி, மேலே உள்ள காகிதத்தை உரித்தால் புள்ளி மட்டும் கண்ணாடியில் நிற்கும். இத்தகைய புள்ளியின் பலத்துக்கு நல்ல சாட்சி சிக்காகோவின் மெக்கோர்மிக் பிளேஸ் மண்டபம். 2023 ஒக்டோபரில் ஒரே இரவில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் மோதிச் செத்த கட்டடம் அது. 2024இல் கண்ணாடி முழுக்கப் புள்ளிப் பிலிம் ஒட்டிய பின் சாவு பத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது.

இங்கே அதை இறக்குமதி செய்யத் தேவையில்லை. ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்டிக்கர் வெட்டும் கடைகளில் உள்ள இயந்திரமே போதும். வெளிப்பாவனைக்கான வெள்ளை வைனில் கேட்டு, 8 மில்லிமீற்றர் விட்ட வட்டம், நடுவுக்கு நடு 2 அங்குலம் என்று எழுதிக் கொடுங்கள். ஒட்டுத்தாளோடு சேர்த்துப் பட்டையாகத் தரச் சொல்ல வேண்டும், தனித்தனிப் புள்ளியாக வாங்கினால் பொறுமை போய்விடும். 4க்கு 5 அடிக் கண்ணாடிக்கு 24 நிரல், 30 நிரை, 720 புள்ளி. பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் மறைவது கண்ணாடியின் ஏறத்தாழ 2 சதவீதம்தான். கடைக்குள் இருக்கும் சேலையை யாரும் காணாமல் போகமாட்டார்கள். வெள்ளை ஏன் என்றால், கண்ணாடியில் விழுவது பெரும்பாலும் கரும்பச்சை மரநிழல். அதன்மேல் வெள்ளைதான் எடுத்துக் காட்டும். வானம் மட்டுமே விழும் மேல்மாடியில் கறுப்பு நல்லது. மோட்டார் சைக்கிள் அலங்கார நாடா 6 மில்லிமீற்றர் அகலத்தில் கிடைத்தால் 4 அங்குலத்துக்கு ஒரு நெடுக்குக் கோடாகவும் இழுக்கலாம். தேன்சிட்டு அதிகம் வரும் வீட்டில் இதையும் 2 அங்குலமாக்குங்கள்.

ஒட்டும் முறையில்தான் வைனில் தோற்கும். கடற்கரையில் கண்ணாடியில் எப்போதும் உப்புப் படலம் உண்டு. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்து முற்றாகக் காயவிட வேண்டும். வெயில் நேரடியாக அடிக்கும் கண்ணாடியில் ஒட்டாதீர்கள், பசை உடனே பிடித்து நேராக்க முடியாது. காலை ஏழு மணிக்கு முன் மேற்குப்பக்கம், பின்னேரம் கிழக்குப்பக்கம். மேல் தாளை உரிக்கும்போது கண்ணாடியோடு ஒட்டினாற்போல மடித்து மெதுவாக இழுக்க வேண்டும். வெளிப்பக்கம் இழுத்தால் புள்ளியும் சேர்ந்து வரும். ஒட்டி ஒரு நாள் மழை படக்கூடாது, ஆகவே இது மாரிக்கு முன் முடிக்க வேண்டிய வேலை. கைப்பிடிக் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் ஒட்டுங்கள், குருவி எந்தப் பக்கத்தில் இருந்தும் வரும்.

பஸ்ஸின் பின் கண்ணாடியில் விளம்பரம் ஒட்டுகிறார்களே, துளைத்துளையாக இருக்கும் வன் வே விஷன், அதுவும் நன்றாக வேலை செய்யும். வெளியே இருந்து பார்த்தால் கண்ணாடி போலவே தெரியாது, நிழலுருவம் முற்றாகப் போய்விடும். பிளெக்ஸ் அச்சகங்களில் கிடைக்கிறது. குறைகள்: சதுர அடிக் கணக்கில் விலை கூட, உள்ளே கொஞ்சம் இருட்டும், மாரியில் துளைகளில் தண்ணீர் நின்று வெளியே மங்கலாகும், இரவில் உள்ளே விளக்கெரிந்தால் மறைவு கிடையாது. "தென்னந்தோப்பும் கடலும் அடித்துத் தரவா?" என்று அச்சகத்தில் கேட்பார்கள். வெறும் வெள்ளை அல்லது சாம்பல் போதும் என்று சொல்லுங்கள். மரத்தைக் காட்டி ஏமாற்றுவதில் இருந்து தப்பத்தானே இவ்வளவு பாடும்.

நுளம்பு வலை யன்னலுக்கு வெளியே இருந்தால் அதுவே முழுத் தடுப்பு. கண்ணாடியில் எதுவும் விழாது, மோதினாலும் மெத்தென்றிருக்கும். ஆனால் இங்கே பெரும்பாலும் யன்னல் வெளியே திறப்பதால் வலையை உள்ளே போட்டிருப்போம். அதனால் ஒரு பயனும் இல்லை. நாற்றுமேடைப் பச்சை நிழல்வலையை மரச்சட்டத்தில் இழுத்து அடித்து மேற்கு யன்னலுக்கு வெளியே நிறுத்துவது மலிவான வழி, அறைச் சூடும் குறையும். பழைய மீன் வலையை யன்னல் முன் தொங்கவிடுவது மட்டும் கூடாது. தளர்ந்த பெருங்கண் வலை தடுப்பல்ல, பொறி. வலை போடுவதானால் கண் 16 மில்லிமீற்றர் அளவில், கண்ணாடியில் இருந்து குறைந்தது 3 அங்குலம் தள்ளி, குருவி பட்டுத் திரும்பும் அளவுக்கு விறைப்பாக.

காசு செலவழிக்காமல் இன்றே செய்ய, சவர்க்காரக் கட்டியால் வெளிப்பக்கம் 2 அங்குலக் கட்டம் கீறலாம். போஸ்டர் கலரில் ஒரு சொட்டுச் சவர்க்காரத் திரவம் கலந்தும் பூசலாம், தாழ்வாரத்தின் கீழ் மாதக்கணக்கில் நிற்கும், நனையும் கண்ணாடியில் முதல் மழைக்கே போய்விடும். சுண்ணாம்பு பூச வேண்டாம், நாளானால் கண்ணாடியை அரித்து அழியாத வெண்தடம் விடும். குருவிக்குத் தண்ணீர்ச்சட்டி வைப்பவர்கள் அதைக் கண்ணாடியில் இருந்து 3 அடிக்குள் வையுங்கள், அல்லது 30 அடிக்கு அப்பால். 3 அடிக்குள் என்றால் எழும்பும்போது வேகம் பிடிக்க இடமில்லை. பத்துப் பதினைந்து அடிதான் கொல்லும் தூரம். புலம்பெயர் காலத்தில் இரவு பத்துக்குப் பின் மாடி விளக்கை அணைப்பதும் உதவும்.

ஒரே குருவி நாள்தோறும் வந்து யன்னலையும் மோட்டார் சைக்கிள் கண்ணாடியையும் கொத்துகிறது என்றால் அது வேறு விடயம். தேன்சிட்டு, கரிச்சான் போன்றவை இனப்பெருக்கக் காலத்தில் தன் உருவத்தை எதிரி என்று நினைத்துச் சண்டை பிடிக்கும். சாகாது, களைக்கும். மேலே சொன்ன எதுவும் வாங்கத் தேவையில்லை. சைக்கிள் கண்ணாடிக்கு ஒரு துணிப்பை, யன்னலுக்கு வெளிப்பக்கம் இரண்டு வாரம் பழைய பத்திரிகைத் தாள்.

மோதி விழுந்த குருவிக்கு வாயில் தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை, மூச்சுக்குழாயில் போய்விடும். சப்பாத்துப் பெட்டியில் நாலைந்து துளை போட்டு, அடியில் துணி விரித்து, உள்ளே வைத்து மூடி, பூனையும் பிள்ளைகளும் எட்டாத நிழலில் ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் விடுங்கள். திறந்து திறந்து பார்க்க வேண்டாம். உள்ளே படபடவென்று சத்தம் கேட்டால் கண்ணாடி இல்லாத பக்கம் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தால் தானே போகும். சிறகு தொங்கினாலோ இரண்டு மணி கழிந்தும் எழும்பாவிட்டாலோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். கூட்டில் போட்டு வளர்க்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இடம் தராது.

வாங்குவதானால் ஓகஸ்ட் மாதம் சரியான நேரம்: வைனில் ஒட்டக் காய்ந்த கண்ணாடி, கயிறு கட்ட ஏணி நிற்கும் தரை, முதல் ஆறுமணிக்குருவி வந்து இறங்க இன்னும் சில வாரம். எல்லா யன்னலுக்கும் ஒரேயடியாகக் கை வைக்க முடியாவிட்டால், முற்றத்து மரம் முழுதாகத் தெரியும் அந்த ஒரு யன்னலில் தொடங்குங்கள். காலை ஏழு மணிக்கு வெளியே நின்று பார்த்தால் எதுவென்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆகாது.